பட்டைத் தொட்டி

சிவந்த பாறைகளுக்கு நடுவே அந்த அம்மா தொட்டியின் மூடியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேகம்பூர் வாடை! ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் ஒரு தேசியப் பூங்கா. அந்த மண்ணின் ஆதிகுடியைச் சேர்ந்த வழிகாட்டி அவர். தம் முன்னோர் தோல் பதப்படுத்தியதைக் காட்ட வாட்டில் என்ற மரத்தின் பட்டையை ஊறவைத்திருந்தார்.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் அத்தா வேலை பார்த்த, தோல் பதப்படுத்தும் ஷாப்பிலும் வாட்டில் பட்டைதான். கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக லாரியில் வந்து இறங்கும். அத்தாவின் உள்ளங்கை எப்போதும் செக்கச்செவேலென்றிருக்கும். பெருநாள் காலையில் என் மருதாணிக் கைக்குப் பக்கத்தில் தம் கையை வைத்து, "எனக்கு அல்லா தெனமும் வச்சுவிடுறான்ல" என்பார்.

எனக்கும் அந்த ஷாப்பின் பட்டைத் தொட்டியில் கைவிட அவ்வளவு ஆசை. வாசலில் போய் நின்றால், "பொம்பளப்புள்ளைக்கு இங்க என்ன வேல? வீட்டுக்குப் போ தாயி" என்று விரட்டிவிடுவார். தம்பி மட்டும் உள்ளே போய்வந்து, சிவந்த விரல்களை என் மூக்குக்கு நேரே ஆட்டுவான்.

அதே தம்பிதான் இப்போது என்னைக் கூட்டிவந்திருந்தான். "எங்க ஊரு மரம்!" என்று நான் துள்ளியதை அவன் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளைக்காரன் எங்கள் நாட்டிலிருந்துதான் அதை உங்கள் மலைக்குக் கொண்டுபோனான் என்றார். தொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

தம்பி முந்திக்கொண்டு கையை நீட்டினான். தட்டிவிட்டேன்.

"அக்கா, கறை லேசுல போகாது."

"போகக்கூடாதுன்னுதான்டா விடுறேன்" என்று வளையலோடு முழங்கைவரை விட்டேன்.