சுண்டுவிரல் அளவு பிளாஸ்திரி

எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் சமையலறை ஒன்று, மருமகள்கள் இருவர். மூத்தவர் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் நடுவில் அக்காவுக்கு இடுப்பு டிஸ்க் தேய்ந்து, வலி காலுக்கு இறங்கி, முதுகைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஒரு சாண் நீளத் தழும்பு. மூன்று மாதம் அடுப்படிப் பக்கமே வரவில்லை. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, ஆறு பேருக்குச் சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த ஓடியவள் நான். இதில் ரசத்தில் உப்பு கம்மி என்று கட்டிலிலிருந்து குரல் வேறு வரும். எனக்கும் ஒரு காலம் வரும் என்று அப்போதே கறுவிக்கொண்டேன்.

வந்தது. ஏழெட்டு வருடம் கழித்து, கரும்பலகையின் அடிவரியை எழுதக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர்களும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். “பெருசா திறந்தா எல்லாம் நல்லாத் தெரியும். ரெண்டு மூணு இடம் கெட்டிருந்தா அதான் சரி. ஆனா தசையை எலும்புலேர்ந்து ஒதுக்கணும், ஆற நாளாகும். உங்களுக்கு ஒரே இடம்தான். சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, மைக்ரோஸ்கோப்ல பாத்து எடுத்துடலாம். உள்ள செய்ற வேலை ஒண்ணுதான் மேடம். ஆறு வாரம் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது.”

என் கணவர் காதில் ‘சின்னத் துளை’ மட்டும் விழுந்தது.

மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் பெண்கள் ஆப்பிளும் பிரட்டுமாக வந்தார்கள். எங்கள் கூட்டத்தில் நோயாளிக்கு ஜெபம் செய்தால் மட்டும் போதாது, காயத்தையும் பார்த்தாக வேண்டும். அக்காவின் முதுகைப் பார்த்து அன்று அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் முதுகில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்திரி.

“அய்யோ, இவ்ளோதானா?” என்றார் ஒருவர்.

“இஷ்டேனா?” என்று பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாளும் அதையே கேட்டார்.

“என் அப்பெண்டிக்ஸ் தழும்பே இதைவிடப் பெருசு” என்றார் இன்னொருவர். கொண்டுவந்த ஆப்பிளில் இரண்டை அவர்களே நறுக்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் என் கணவர், “சின்ன ஆபரேஷன்தானே, ஒரு காபி போடேன்” என்றார். காபி சாம்பாரில் கொண்டுபோய் விட்டது. அவரை மட்டும் சொல்வானேன்? நானும் கண்ணாடியில் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, இதற்குப் போய்ப் படுத்திருப்பதா என்று வெட்கப்பட்டேன். பத்தாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. குனிந்து குடத்தைத் தூக்கினேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்றது. இனிமேல் கரும்பலகை முன்னால் நிற்கவே முடியாதோ என்ற பயத்தில் அங்கேயே அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா குடத்தைப் பிடுங்கி வைத்தார். “அறிவிருக்காடி உனக்கு? தோலுதான் சின்னதா கிழிஞ்சிருக்கு. உள்ள எனக்கு நோண்டின மாதிரிதானே உனக்கும் நோண்டியிருக்காங்க!”

அன்றே ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். “நல்லவேளை, ஒண்ணும் கெடல. ஒழுங்கா ரெஸ்ட் எடுங்க” என்றார் டாக்டர். திரும்பும் வழியில் அக்கா மருந்துக்கடையில் பஞ்சும் பெரிய பிளாஸ்திரிச் சுருளும் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் என் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் தள்ளிவிட்டார்.

“இனிமே எவன் காபி கேக்கறான், பாக்கலாம்.”

என் கணவர் முதுகைப் பார்த்துப் பதறிப்போனார். “உள்ள தையல் பிரியப் பாத்துச்சாம்” என்று ஒரு ஞாயிறு கூட ஆராதனைக்குத் தவறாத அக்கா கூசாமல் பொய் சொன்னார். அடுத்த ஞாயிறு சர்ச் பெண்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். இந்தத் தடவை திராட்சையும் வந்தது. அதை யாரும் தொடவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. வலி போயே போச்சு. பிளாஸ்திரியைப் பிரிக்க என் பின்னால் உட்கார்ந்த அக்கா ஓரத்தில் நகத்தை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. எனக்கு ரெண்டு மாசத்துலயே சரியாயிடுச்சு. அந்தக் கடைசி மாசம் சும்மாதான் படுத்திருந்தேன். தழும்பு பெருசா இருந்துச்சா, யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுசாக ஒரு மாதம்! எத்தனை குடம், எத்தனை சாம்பார்! திரும்பி ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்று குடத்தைப் பிடுங்கியதும் இதே கைதான்.

“பிரிக்கட்டுமா?” என்றார் அக்கா.

“வேணாம் அக்கா. இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்” என்று மெத்தையில் குப்புறச் சாய்ந்துகொண்டேன். “ரசத்துல மட்டும் உப்பு பாத்துப் போடுங்க.”