இருட்டில் எரியாத ஊதா பல்பு

சூடேறிய தூசியின் வாசனை வந்தால், அப்பா ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டார் என்று அடுக்களையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். திண்டிவனம் பக்கத்தில், நாங்கள் "மல்லாட்டை" என்கிற நிலக்கடலை வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு. வயலில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் மின்சாரம் தொய்யும், கூடவே பாட்டும் தொய்யும். அதைச் சீராக்க அப்பா விழுப்புரத்துப் பழைய சாமான் கடையில் கண்ணாடிக் குழல் ஒன்றை வாங்கிவந்து, அவரே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் ரெகுலேட்டராகப் பொருத்தினார். ஊதா நிறத்தில் ஒளிர்ந்ததால் எங்களுக்கு அது "ஊதா பல்பு". அது எரிந்தால், எத்தனை மோட்டார் ஓடினாலும் குரல் அசையாது.

எல்லாம் அக்காவுக்காகத்தான். ஜினாலயத் திருவிழாவில் மாலை பூஜை முடிந்ததும் அவள் முதல்முறையாக மைக்கில் பாட இருந்தாள். வாரக்கணக்காக அதே பேச்சு.

ஒத்திகையன்று ஈசல்கள் கொதிக்கும் வால்வுகளில் விழுந்து பொசுங்கின. பூச்சி சாகுமே என்று பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு எங்களுடையது. அம்மா பதறிப்போய், "பாட்டுக்கோசரம் உசிரு போவணுமா? மூடிப் போடுங்க" என்றாள். அப்பாவும் காற்றுப் போக ஒரு பக்கம் கறுப்புத் துணி கட்டிய மரப்பெட்டி ஒன்று செய்து மூடினார்.

அங்கேதான் குழப்பம் தொடங்கியது. பெட்டிக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டால் அக்காவின் குரல் கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கும். ஊதா பல்பு எரியவில்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்து போட்டால் சமர்த்தாக எரியும்! எரியவிட்டு மூடினாலும், மின்சாரம் ஒருமுறை தொய்ந்தால் அணைந்து, அப்புறம் எரியாது. ஒயரை மாற்றி மாற்றிப் பற்றவைத்தும் பயனில்லை. "நான் பாத்தா எரியுது, பாக்கலன்னா எரிய மாட்டேங்குது. பேஜாரா கீதே!" என்று தலையைப் பிடித்துக்கொண்டார் அப்பா. எனக்கோ, அது ஆளைப் பார்த்துத்தான் எரிகிறது என்று பயம். அதன் பக்கமே போகவில்லை.

கடைசியில் கோயிலில் கேட்டு, பாட்டை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார். மூடி இல்லை, பட்டப்பகலில் பூச்சி இல்லை. கேட்க ஆளும் இல்லை. அம்மா, அப்பா, நான். குரல் இம்மியும் அசையவில்லை. மாலையில் அதே பந்தலில் நெரிந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அக்கா பிறகு மைக்கே பிடிக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை, அந்தப் பெட்டியும் இல்லை. அந்த மாதிரிக் குழல்கள் கும்மிருட்டில் எளிதில் எரியாது, துளி வெளிச்சம் பட வேண்டும் என்று சமீபத்தில்தான் படித்தேன். பெட்டியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தால் போதுமாம்! மனசு கேட்காமல், விழுப்புரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.



"போடி, சாயந்திரம் பாடியிருந்தா அப்பா அந்தப் பொட்டிகிட்டயே நின்னுக்கினு இருந்திருப்பாரு. அன்னிக்கு எம்முன்னாடி ஒக்காந்துக்கினு கேட்டாரு" என்றாள் அக்கா.