முப்பது தாண்டினால் அஜக்ஸ்

சத்தியம் பண்ணுவதற்கு மாசி மாதத்தைவிட மோசமான மாதம் கிடையாது. வெளியே முழங்காலளவு பனி கிடக்கும்போது வெயிலைப் பற்றி எந்த வாக்கையும் துணிந்து கொடுத்துவிடலாம். நானும் கொடுத்தேன். மகளோடு போனில் வாய்த்தர்க்கம் முற்றி, "எடி, என்ர வீட்டுக்குள்ள ஒருநாள் முப்பது டிகிரி தாண்டினா நானே பெட்டியக் கட்டிக்கொண்டு அஜக்ஸுக்கு வாறன், போதுமே?" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைத் திகதியோடு குறித்து வைப்பாள் என்று யார் கண்டது?

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருக்கிறேன். மேற்குப் பார்த்த வீடு. இவர் போன பிறகு தனியேதான். மகள் அரை மணி கார்த் தூரத்தில் இருக்கும் அஜக்ஸில் வீடு வாங்கி, எனக்கென்று பேஸ்மென்றில் ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள். நல்ல அறை, குளிர்ச்சியான அறை, எல்லாம் சரி. ஆனால் அங்கே ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்குவதற்கும் யாராவது கார் எடுக்க வேண்டும். இங்கே லிஃப்டில் இறங்கினால் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் கடை. அதனால் ஒவ்வொரு கோடையிலும் அவள் "அம்மா, வீடு ஹொட்டா இருக்கா?" என்று கேட்பாள். நான் "சீ, காத்து அள்ளிக்கொண்டு போகுது" என்பேன். சொல்லும்போது என் கழுத்தில் ஈரத் துவாய் சுற்றியிருக்கும். போனில் துவாய் தெரியாது.

போன கோடையில் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் தலைசுற்றி விழுந்ததையும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. எழும்பி, உடுப்பை மடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

நான் சத்தியம் பண்ணிய இந்த வருடக் கோடையில்தான் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து சேர்ந்தார். மழை விடாமல் பெய்யும் ஒரு வடக்கு நகரத்துக்காரர். முப்பது வயது இருக்கும், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். கூடிக்கொண்டு போகும் வெயிலுக்கு நகரங்கள் எப்படித் தங்களை மாற்றிக்கொள்கின்றன என்று அங்கே அரசாங்கங்கள் திட்டம் திட்டமாக எழுதுகின்றனவாம். ஒப்பிட்டுப் பார்க்க ரொறன்ரோவையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் தமிழர் என்பதால் தமிழ் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட, ஓய்வுபெற்று வீட்டில் குந்தியிருந்த எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வேலை, அவருடைய கேள்விக்கொத்தைத் தமிழில் கேட்பது. ஐந்தாம் மாடி அண்ணையிடம், "நீங்கள் வெப்பத்துக்கு எவ்வாறு தகவமைத்துக்கொள்கிறீர்கள்?" என்று வாசித்தேன்.

"அதெண்டா என்ன தங்கச்சி?"

"சமாளிக்கிறது, அண்ணை."

"அப்பிடிச் சொல்லுமன். அதைத்தானே வந்த நாள் தொடக்கம் செய்யிறம்."

இரண்டாவது வேலைதான் வினையாகப் போனது. நெருப்புப்பெட்டி அளவில் பன்னிரண்டு கருவிகள். பன்னிரண்டு வீடுகளின் முன்னறையில் ஒவ்வொன்றாக மாட்டிவிட வேண்டும். முகத்தில் அந்த நேரத்து வெப்பம் இலக்கமாகத் தெரியும். உள்ளே இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு கிழமை முடிந்ததும் கட்டடத்து மனேச்சருக்கும் நகரசபை ஆட்களுக்கும் முன்னால் கணக்கைக் காட்டுவோம். வீடுகளுக்குள் வெக்கை தாங்காது என்று நிரூபித்தால், கீழ்த்தளத்து பார்ட்டி றூமைக் கோடை முழுக்கத் திறந்துவிடும்படி கேட்கலாம். கட்டடத்தில் ஏசி இருக்கிற ஒரே அறை அதுதான். பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்தால் மட்டும் பூட்டுத் திறக்கும்.

பன்னிரண்டாவது கருவி என் வீட்டுக்கு. விதிப்படி நெஞ்சுயரத்தில், வெயில் படாத சுவரில் மாட்டினேன். இலக்கம் கண்ணில் படாதபடி முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். பார்க்காத இலக்கத்துக்கு நான் பொறுப்பில்லை அல்லவா?

முதல் கிழமை முடிந்து ஆராய்ச்சிக்காரர் பதிவுகளை லப்டொப்பில் இறக்கினார். இறக்கிவிட்டுத் திரையைக் கண்ணருகே இழுத்து வைத்துப் பார்த்தார். வெளியே வீதித் தார் உருகுகிறது. எங்கள் கட்டடத்தில் பெரும்பாலான வீடுகளில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் காலை ஒன்பது தொடக்கம் மாலை ஐந்து வரை நாலு டிகிரி. அந்த வீட்டில் இருப்பவர்கள் என்ன மாதிரி மனிதர் என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார்.

நான் லிஃப்டில் ஏறிப் போனேன். ஏழாம் மாடி அக்கா கதவைத் திறந்து, முதலில் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். கருவி எங்கே என்றேன். ஃபிரிட்ஜைத் திறந்து, தயிர்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினார்.

"என்னக்கா இது?"

"பின்ன? வெள்ளைக்காரன் ஒஃபிஸ் நேரத்தில கணக்கெடுக்கிறான். எங்கட வீடு கிடந்து அவியுதெண்டு அவனுக்குக் காட்டுறதே? மானம் போகாதே?"

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். கருவியையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நினைத்துவிட்டார்கள். ஒருவர் அதற்கு முன்னால் ஐஸ் தண்ணிச் சட்டியும் வைத்து ஃபானைத் திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஐந்தாம் மாடி அண்ணை வீட்டில் ஒரு கிழமையாக அடுப்பு மூட்டவில்லை, கடை இடியப்பம்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்! "வெட்கமில்லாமல் பொய் காட்டுறியளே, பிறகு எப்பிடி அந்த அறையைத் திறக்கிறது?" என்று மாடி மாடியாக நின்று பேசினேன். என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

திட்டியது வேலை செய்தது. கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தது. வெப்பம் கூடினால்தான் அறை திறக்கும் என்று விளங்கியதும் எங்கள் சனத்துக்குச் பரீட்சைப் புத்தி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கட்டடத்து போன் குரூப்பில் அண்ணை ஒரு படம் போட்டார். கருவியின் முகத்தில் நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டார் நாற்பத்து நான்கு போட்டார். பிள்ளைகளின் மார்க்ஸை ஒப்பிட்டுப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை ஏழாம் மாடி அக்கா ஐம்பத்தாறோடு முதலாம் இடத்துக்கு வந்தார். படத்தின் ஓரத்தில் றைஸ் குக்கரின் மூடி தெரிந்தது.

ஆராய்ச்சிக்காரர் இரண்டாம் கிழமைப் பதிவைப் பார்த்துவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்தாறு டிகிரியில் அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். சோறு வெந்திருக்கும், அவருக்கு ஒன்றுமில்லை என்றேன். மனிதர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தங்கள் ஊரிலும் இதே கரைச்சல்தான் என்றார். திட்டம் எழுதுகிறவர்கள், வெக்கை தாங்காவிட்டால் வயதானவர்கள் போன் எடுத்து உதவி கேட்பார்கள் என்று நம்பி எழுதுகிறார்களாம். ஒருவரும் எடுப்பதில்லையாம். பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லமாட்டார்களாம்.

நான் சன்னலைப் பார்த்தேன்.

"பழுதில்லாத பதிவு ஒன்றே ஒன்று இருக்கிறது," என்றார். "பன்னிரண்டாம் இலக்கம். இரவு பத்து மணிக்கும் முப்பத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. யார் வீடென்று சொல்லத் தேவையில்லை, இலக்கம் போதும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டம் அந்தப் பார்ட்டி றூமிலேயே நடந்தது. எங்கள் கூட்டமென்றால் பொரித்த றோல்ஸ் இல்லாமல் நடக்காது. றோல்ஸ் தட்டுகளைக் காரில் ஏற்றிவர மகளைத்தான் கூப்பிட்டிருந்தேன். வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவள் பின்வரிசையில் வசதியாக உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் பன்னிரண்டாம் இலக்கத்தின் கோடு ஏறி, இறங்காமல் நின்றது. மனேச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: மற்றப் பதினொன்றும் பழுதென்று நீங்களே சொல்கிறீர்கள். இது மட்டும் குக்கருக்கு மேலே இருக்கவில்லை என்று எப்படி நம்புவது? இந்த வீட்டுக்காரர் இங்கே இருக்கிறாரா?

 அக்கா நிலத்தைப் பார்த்தார். அண்ணை றோல்ஸை மெல்லுவதை நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அறை மட்டும் இன்னொரு கோடைக்குப் பூட்டியே கிடக்கும். தோய்க்கும் அறையின் சீமெந்து நிலம் கன்னத்தில் குளிர்ந்தது நினைவுக்கு வந்தது. அடுத்தமுறை விழுவது அக்காவாகவும் இருக்கலாம்.

எழும்பினேன். "அது என்ர வீடு," என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். கருவி இப்போதும் சுவரில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். மனேச்சர் உண்மையாகவே வந்தார். இரண்டு நிமிடத்தில் அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை பார்ட்டி றூம் திறந்தது.

கூட்டம் முடிந்த அன்றைக்கே, கார் நிற்கும் இடத்தில் மகள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "முப்பத்திரண்டு."

"ஓம்," என்றேன். 

சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டி கட்டினேன். அஜக்ஸ் பேஸ்மென்றில், ஆடி மாதத்தில், ஸ்வெற்றரும் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் வந்த படங்களைப் பார்த்தேன். பார்ட்டி றூமில் அக்கா தாயம் விளையாடுகிறார். அண்ணை வாயைத் திறந்தபடி நித்திரை. நான் திறந்துவிட்ட அறையில் நான் மட்டும் இல்லை. வயிறெரிந்தது எனக்கு.

ஆராய்ச்சிக்காரர் பன்னிரண்டாம் இலக்கக் கருவியை என்னிடமே விட்டுப் போயிருந்தார், அதையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஐந்தாம் நாள் மகளிடம் அதைக் காட்டி, "இஞ்ச பார், ஒம்பது டிகிரி. எனக்கு நிமோனியா வரப்போகுது" என்றேன். அவள் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்து, கொத்தமல்லிக் கட்டுக்கு நடுவே நெருப்புப்பெட்டி அளவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

முதலில் சிரித்தாள். பிறகு சமையலறை நிலத்திலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "அம்மா, நீங்கள் ஏன் எப்பவும் பொய் நம்பர் சொல்லுறீங்கள்? எது உண்மையெண்டு எனக்குத் தெரியுதில்லை. ஐ கெட் ஸோ ஸ்கேர்ட், அம்மா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோய்க்கும் அறையில் விழுந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்கு ஒப்பந்தம் ஆனது. நான் ஸ்காபரோவுக்குத் திரும்பலாம். பகலில் கீழே பார்ட்டி றூம். மாலை எட்டு மணிக்குக் கருவியைச் சுவரில் இருந்தபடியே படம் எடுத்து அனுப்ப வேண்டும். முப்பது தாண்டினால் அந்த இரவு மட்டும் அஜக்ஸ்.

நேற்று எட்டு மணிக்கும் வெயில் போகவில்லை. கருவியில் முப்பத்தொன்று. கை தானாக ஃபிரிட்ஜின் கைப்பிடி வரைக்கும் போனது, மறைக்க மாட்டேன். பிறகு திரும்பி வந்து, சுவரில் இருந்தபடியே படம் எடுத்து அனுப்பினேன்.

அரை மணியில் கீழே மகளின் கார் ஹோர்ன் அடித்தது. கதவடியில் கட்டி வைத்திருந்த பெட்டியையும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன்.