அபிப்பிராய நோட்டு

போன மாதம் எங்கள் ஊர் ஆர்ட் கேலரியின் கமிட்டிக் கூட்டம். பேர்தான் பெரிசு... ஒரே ஹால், இருபது படங்கள், ஒரு வாட்ச்மேன். நானும் ஒரு மெம்பர்.

"மழைக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர யார் வருகிறார்கள்? ஹாலை உரக் கிடங்குக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் தலைவர். சாட்சிக்கு அபிப்பிராய நோட்டைப் புரட்டிக் காட்டினார். பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை — 'நன்று'. வாட்ச்மேன் வாசலில் நோட்டை நீட்டினால் பாவம், ஜனங்கள் வேறென்ன எழுதுவார்கள்? முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

இதற்கு நடுவில்தான் முதலமடையிலிருந்து நண்பர் பழனிச்சாமி வந்தார். மாந்தோப்புக்காரர். மகள் சரோஜாவை மூன்று இடத்தார் வீட்டுக்கு வந்து பெண் பார்த்தார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்று பதில். வந்தவர்கள் பஸ் ஏறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

"கேலரியில் வைத்துப் பார்க்கட்டுமே" என்றேன்.

"ஏனுங்க, அங்கன்னா வேண்டாம்னு சொன்னாலும் வெளிய தெரியாதுங்களா?"

"அங்கே ஆளே வராது!"

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார், அம்மாவுடன். கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரி வேலை, புது பெல்பாட்டம். சரோஜா ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள். மாட்டு வண்டி, அதன்மேல் மாம்பழச் சாக்கு மூட்டைகள்.

"பழத்தைச் சாக்குல போட்டா நசுங்கிப் போயிருமுங்க. கூடையில வைக்கோல் போட்டு அடுக்கோணும்" என்றாள்.

எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காக அந்தப் படத்தைத் தாண்டிப் போகிறேன், இது என் கண்ணில் பட்டதா?

மாப்பிள்ளை சிரித்தார். "படத்துலயுமா கொறை? எங்கூட்டுக்கு வந்தா இந்த வாயக் கொஞ்சம் கொறச்சுக்கோணும்."

சரோஜா நேரே வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் வழக்கம்போல் நோட்டை நீட்டினார். நின்று எழுதினாள்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பழனிச்சாமிக்கு முகமெல்லாம் பல். நாலாவது முறையாவது பலித்ததே! சம்மதம் சொல்ல வாயெடுத்தார்.

"அப்பா, இதப் படிச்சுப்போட்டு அப்பறம் பேசுங்க" என்று நோட்டை நீட்டினாள் சரோஜா.

படித்தார். மகளைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு, "மன்னிச்சுக்கோணுமுங்க... புள்ளைக்கு இஷ்டமில்லீங்க" என்று கைகூப்பினார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளை வேண்டாம் என்பார்களோ என்றுதான் கவலைப்பட்டேனே தவிர, அவள் வேண்டாம் என்பாளா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மூன்று முறை அவள் வீட்டில் யாராவது ஒரு நோட்டை நீட்டினோமா?

நேற்று மறுபடி கூட்டம். உரக் கிடங்குப் பேச்சு எழுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தலைவர் முன் விரித்து வைத்தேன். படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், சிரித்துவிட்டார். "நோட்டில் ஒரு நிஜ அபிப்பிராயமாவது வந்ததே, இருக்கட்டும்" என்றார். ஹால் பிழைத்தது.

அதில் இருந்தது இவ்வளவுதான் — 'படங்கள் நன்று. மாப்பிள்ளை வேண்டாம்.'