டெய்லரக்கா காலு பேசின நேரம்

“என் காலு இருக்கே, ஊருக்கெல்லாம் காலு, என்கிட்ட மட்டும் வாயே திறக்காது.”

டெய்லரக்கா தைக்கக் குடுக்க வர்ற எல்லார்கிட்டயும் பாடுற பாட்டு இது. சின்ன வயசுல வந்த தொழுநோய், மாத்திரையில எப்பவோ குணமாயிடுச்சு. ஆனா செத்த நரம்பு செத்ததுதான். வலது பாதத்துல ஆணி ஏறினாலும் தெரியாது. உள்ளங்கால்ல வருஷக்கணக்கா ஒரு புண்ணு, ஆறும், மறுபடி திறந்துக்கும். அதனால சாயங்காலம் மெஷினை மூடினதும் அக்கா வீட்டுக்காரரு டப்புல தண்ணி ஊத்தி, காலை ஊற வெச்சு, மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு புதுசா ஏதாவது குத்தியிருக்கான்னு பாப்பாரு.

“என்னய்யா, புதையலா தேடற?”ன்னு மேல இருந்து அக்கா குரல் வரும்.

ஒருநாள் பெடலை மிதிச்சிக்கிட்டிருந்த அக்கா சட்டுனு நிறுத்துச்சு. “யோவ், வலிக்குதுய்யா.” முகமெல்லாம் சிரிப்பு. “சுருக்கு சுருக்குன்னு குத்துது. உணர்ச்சி திரும்பிடுச்சு.” அக்கம்பக்கத்துக் கடைக்கெல்லாம் மிட்டாய் போச்சு.

அன்னிக்கு அவரு காலைத் தூக்கிப் பாத்தாரு. புண்ணோட ஓரம் தடிச்சு, காலிஃப்ளவர் மாதிரி பொங்கி நின்னுச்சு. துணி பட்டதும் ரத்தம். இதுவரைக்கும் இல்லாத நாத்தம். சொன்னா அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டாரு. அப்புறம் புதுச் செருப்புக்கு அளவெடுக்கணும்னு பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு.

டாக்டரம்மா ஒரு துணுக்கு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. முடிவு வந்ததும், தூங்குற குழந்தை பக்கத்துல பேசற மாதிரி பேசினாங்க. “பழைய புண்ணு புத்துநோயா மாறுறது அபூர்வம்மா, ஆனா உங்களுக்கு மாறியிருக்கு. நரம்பு பொழைக்கல. புத்து ஆழமா இறங்கி, உணர்ச்சி இருக்கற இடத்தைத் தொட்டிருக்கு. வேற எங்கயும் பரவல. முட்டிக்குக் கீழ எடுத்துட்டா பொழைச்சிக்கலாம்.”

“முடியாது. இத்தனை வருஷம் ஊமையா இருந்துட்டு இப்பத்தான் பேசுது. உடனே வெட்டணுமா?” அக்கா எழுந்து வெளிய வந்து வராண்டா பெஞ்சுல உக்காந்துடுச்சு.

அவரும் பக்கத்துல உக்காந்தாரு. “நான் அன்னிக்கே பாத்துட்டேன். சொல்லல. நீ சிரிச்சிக்கிட்டிருந்த.”

அக்கா கட்டுப் போட்ட காலையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

“காலு போனா போகட்டும்டி. நீ இரு. எங்க போகணும்னாலும் நான் தூக்கிட்டுப் போறேன்.” சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினாரு.

“நீயா? ஒரு குடம் தண்ணி தூக்கினா ஒரு வாரம் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு முனகற ஆளு, என்னைத் தூக்கப் போறியாக்கும். மூக்கைத் துடைச்சிக்கிட்டு உள்ள போயி, செயற்கைக் காலு மாட்டினா பெடல் மிதிக்கலாமான்னு அந்தம்மாகிட்ட கேளு. மிதிக்கலாம்னா எடுக்கட்டும். மிதிக்க முடியாதுன்னாலும் எடுக்கட்டும், இடது காலு இத்தனை வருஷமா சும்மாதானே உக்காந்து தின்னுது.”