கொடியேற முந்தி ஒரு கடைவாய்ப்பல்

பல் கிளினிக்கில் வேலை செய்கிறவனுக்கு விடுமுறை என்றால், ஊர்ச்சனம் தாடையைப் பொத்திக்கொண்டு வருகிற காலம் என்று அர்த்தம். பல்லும் கிளினிக் பூட்டுகிற நாளாகப் பார்த்துத்தான் குத்தத் தொடங்கும். ஒருமுறை பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தீவுப்பகுதிக் கிளினிக் ஒன்றில் நான் டொக்டருக்கு உதவியாளன். ஓகஸ்ட் லீவில் வெளிநாட்டுச் சனம் வந்திறங்கும், கோயில்களில் கொடி ஏறும். இந்த முறை ஒரேயொரு பல்லையாவது அதற்கு முந்திப் பார்த்துவிடுவது என்று பிடிவாதமாக நின்றேன்.

துணைக்கு வந்தவர்

நயினாதீவில் சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்றின் ஐயர், மனைவியின் பல்லைக் காட்டக் கூட்டிவந்திருந்தார். ஐயர் வாங்குப் பலகையில் குந்தியிருந்து வாழைப்பழத்தை ஒரு பக்கத்தாலேயே மென்றதை டொக்டர் கண்டுவிட்டார். அவரையும் கதிரையில் இருத்தி வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், கீழ்க் கடைவாய்ப்பல் வேர்வரை சூத்தை. பிடுங்கத்தான் வேண்டும், நாளைக்கென்றாலும் வாருங்கள் என்றார் டொக்டர்.

கொடியேற்றத்துக்கு மூன்றரைக் கிழமை இருந்தது. அன்றைக்கு ஐயருக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் பத்து நாளும் ஊர் எல்லை தாண்டக்கூடாது. கடல் தாண்டி எங்களிடம் வருவது நடக்கிற காரியமில்லை. வாயில் இரத்தம் கசிந்தால் மூலஸ்தானத்துக்குள் கால் வைக்கவும் கூடாது. இடையில் பல் வீங்கினால் திருவிழா நிற்கும்; அந்த நாளில் கொடியேறாத கோயிலும் இல்லை, சும்மா இருக்கிற ஐயரும் இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? என்றாலும் சொன்னேன். என் குரல் மெல்லிசு, இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஐம்பது வருஷம் என்னோடை இருந்த பல்லு தம்பி, இன்னும் ஒரு மாசம் இராதோ?”

பாரிஸ் பல்

அடுத்த கிழமை பாரிசிலிருந்து ஒரு அண்ணை வந்தார். புழுக்கொடியல் கடித்ததில், அங்கே கட்டின பல்லுறை கழன்றுவிட்டது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு கல்லுமாதிரி இருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. கழன்றதைக் கழுவிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இவர் செருப்பு ஒட்டுகிற பசையால் தானே ஒட்டிவிட்டார், அதுவும் பின்பக்கம் முன்பக்கமாக. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க டொக்டருக்கு ஒரு மணித்தியாலம் போனது.

அந்தப் பிள்ளையார் கோயில் தேர்த்திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் இவர்தான். அதற்கென்றே லீவு எடுத்து வந்தவர். வாய் கொப்பளித்து எழும்பும்போது, முதல்நாள் கோயிலில் கண்டதை என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: “ஐயர் கன்னத்துக்கை மோதகம் வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு தம்பி, தேரண்டைக்கு அது இறங்கியிடுமோ?”

வெள்ளைப் புண்

அடுத்த நாள் எனக்கு ஓய்வு. டொக்டர் எழுதித் தந்த மருந்தோடு முதல் வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனேன். ஐயர் அஸ்பிரின் குளிசையை விழுங்காமல் பல்லடியில் வைத்து அடக்கியிருந்தார். பல்லைச் சுற்றின முரசு, ஈறு முழுக்க, வெந்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்குமேல் சுடுதண்ணி ஒத்தணம் வேறு. வீக்கத்துக்குச் சூடு காட்டினால் அது இன்னும் கூடும் என்றேன். நான் கொண்டுவந்த குளிசையை விழுங்கவேண்டும், உப்புத் தண்ணியால் கொப்பளிக்கவேண்டும், வீக்கம் இறங்கினதும் பிடுங்கவேண்டும் என்றேன். மாட்டன் என்று தலையாட்டினார். எனக்கும் கோபம் வந்தது. காரணம் சொல்லாமல் வள்ளம் ஏறமாட்டன் என்று வாசலில் இருந்துவிட்டேன்.

பிறகுதான் சொன்னார். பல்லுப் பிடுங்கினால் புண் ஆற இரண்டு மூன்று நாள் போகும். அதுவரை பூசை செய்ய ஆளில்லை. நாற்பது வருஷத்தில் பிள்ளையாரை ஒருநேரமும் பட்டினி போட்டதில்லை. அதைக் கேட்டு ஐயரம்மாதான் குசினிக்குள்ளிருந்து வந்தா. காரைநகரில் அவவின் தமையன் இருக்கிறார். தன் கோயிலை மகனிடம் விட்டு ஓய்ந்திருக்கிற ஐயர். ஆனால் ஒரு கலியாண வீட்டில் வந்த சண்டையால் எட்டு வருஷமாக மச்சான்மார் கதைப்பதில்லை. ஐயர் வேண்டாம் என்று கை காட்டினார். அவ தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்திக்கொண்டே சொன்னா: “நீங்கள்தான் அண்ணையோடை கோபம், பிள்ளையார் கோபமில்லை.”

சோளகம்

கொடியேற்றத்துக்கு நாலு நாள் முந்தி, மச்சான் வந்து பூசையைப் பொறுப்பெடுக்க, ஐயர் பல்லுப் பிடுங்க வருவதாக இருந்த நாள். டொக்டர் லீவில் போக முந்திக் கடைசிக் கிளினிக் அது. விடியச் சோளகக் காற்று தூக்கி அடித்தது, வள்ளம் ஓடவில்லை. பத்து மணி, பதினொரு மணி, ஐயரைக் காணவில்லை. வந்தவர்களையெல்லாம் பார்த்து முடித்த டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். என்றாலும் பல்லுப் பிடுங்குகிற ஆயுதங்களை மறுபடி அவித்து வைத்தேன். டொக்டர் கைப்பையைத் திரும்ப ஆணியில் கொழுவினார்.

காற்றுக் கொஞ்சம் அடங்கினதும் ஓடின வள்ளத்தில், ஒரு மணிக்கு வேட்டியெல்லாம் உப்புத் தண்ணியோடு ஐயர் வந்து சேர்ந்தார். வீக்கம் இறங்கியிருந்தது. பல்லும் மல்லுக்கட்டாமல் வந்தது. கோயிலில் மச்சான் மத்தியானப் பூசைக்கு மணி அடிக்கிற நேரம் கடந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, விறைத்த உதட்டோடு ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். டொக்டர் பஞ்சை இறுக்கிவைத்தபடி சொன்னார்: “அரை மணித்தியாலம் மந்திரம் வேண்டாம் ஐயா, கடவுள் பொறுப்பார், காயம் பொறுக்காது.”

காப்புக் கட்டின பிறகு

கொடியேற்றத்தன்று நானும் போனேன். புண் காய்ந்திருந்தது. ஐயர் கையில் காப்பு ஏறியது. அவர் குரல் ஒலிபெருக்கியில் இடறாமல் ஓடுவதை வெளிவீதியில் நின்று கடைசிவரை கேட்டேன். பாரிஸ் அண்ணை என் முதுகில் தட்டிவிட்டுத் தேருக்குப் பூவுக்குச் சொல்லிவைக்கப் போனார்.

ஐந்தாம் திருவிழாவன்று ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, பிடுங்கின இடம் எப்படி என்று கேட்டேன். பின்னால் யாரோ பஞ்சாமிர்தத்துக்குப் பேரீச்சம்பழம் காணாது என்று அதட்டிக்கொண்டிருந்தது கேட்டது. ஐயர் குரலை என்னைவிட மெல்லிசாக்கிக்கொண்டு சொன்னார்: “பல்லு ஒண்டும் செய்யேல்லைத் தம்பி, மச்சான்தான் திருவிழா முடியாமல் போகமாட்டன் எண்டு நிக்கிறார், அதுக்கு உங்களிட்டை ஏதும் குளிசை கிடக்கோ?”

பல்லைப் பிடுங்க டொக்டருக்குப் பத்து நிமிடம் போதும், அந்தக் கதிரைவரை ஆளைக் கொண்டுவந்து இருத்தத்தான் எனக்கு மூன்று கிழமை பிடிக்கிறது.