அக்காவின் சிவப்புப் புள்ளி

நுவரெலியாவில் நான் வேலை செய்யும் வீதி அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. விபத்து நடந்த இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும். புள்ளிகள் கூடினால் அந்த இடத்துக்கு மதிப்பெண் கூடும். உயிர் போயிருந்தால் இன்னும் கூடும். மதிப்பெண் கூடிய இடங்களுக்குத்தான் இரும்புத் தடுப்பும் வளைவுக் கண்ணாடியும் வரும். மற்ற இடங்கள் அடுத்த வருஷம்வரை வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதைச் சொல்லிக்கொடுக்க கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். "உங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றைத் தேடிப் பாருங்கள்" என்றார். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்தைத் தேடினார்கள். நான் அக்கா செத்த வளைவைத் தேடினேன்.

ஹட்டனிலிருந்து றொசல்லப் பக்கம் இறங்கும் வீதியில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வரிசைக்குக் கீழே இருக்கிறது அந்த வளைவு. மேல் மலையில் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோகும் பெண்கள் அங்கேதான் வீதியைக் கடக்க வேண்டும். ஒரு மழை நாளில் அக்கா கடந்தபோது வேன் வந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு இருந்த ஒரே ஆள் அக்காதான். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவள்.

கம்ப்யூட்டரில் அந்த வளைவு பச்சையாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸை மேசையில் குத்தினேன். பக்கத்து மேசைக்காரி சிங்களத்தில் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு அக்கா இறந்த தேதியைப் போட்டுத் தேடினேன். அகப்பட்டாள். எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரி வாசலில் சிவப்பாகக் கிடந்தாள். அவளைச் சுற்றி அந்த வளைவில் அடிபட்ட எல்லோரும் கிடந்தார்கள். பெக்டரி வாசலுக்கு மதிப்பெண் எகிறியிருந்தது. அங்கே வேகத்தடை போட வேண்டும் என்று மென்பொருள் யோசனை வேறு சொல்லியிருந்தது. அந்த ஏற்றத்தில் லொறியே நடந்துதான் போகும்!

யாரைக் குற்றம் சொல்வது? எங்கள் ஆட்களிடம் எங்கே நடந்தது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். லயத்து வீட்டுக்கு நம்பர் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் தோட்டம், கடித உறையில் தோட்டம். பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லையே விலாசமாகச் சொல்லிப் பழகியவர்கள் அடிபட்டுக் கிடக்கும்போதும் அதையே சொன்னார்கள். கேட்ட பொலிஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். தோட்டம் என்றால் மென்பொருளுக்குத் தெரிந்தது பெக்டரி மட்டும்தான்.

எங்கள் என்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மாத்தலாம் பிள்ளை. ஆனா எங்கட இஷ்டத்துக்கு மாத்த ஏலாது. நேர்ல கண்ட ஆக்கள் வந்து இடத்தைக் காட்டோணும். நீங்க ஃபோனில பதிஞ்சுகொண்டு வாங்கோ" என்றார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். "இந்த வருஷம் முடியப் போகுது. அடுத்த வருஷப் பட்டியலுக்குப் பாப்பமே."

"அடுத்த வருஷம் அக்கா இருக்கமாட்டா, சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மென்பொருள் கடைசி ஐந்து வருஷத்து விபத்துகளை மட்டும்தான் எண்ணும். அக்கா ஐந்தாவது வருஷத்தின் ஓரத்தில் இருந்தாள். ஜனவரி பிறந்தால் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுவாள். அதை விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "சரி, சனிக்கிழமை போயிட்டு வாங்கோ" என்றார்.

நானுஓயாவில் ரயில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் நாங்கள் இருந்த பழைய காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. கதவு நிறம் மாறியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கீழே இறங்கினேன்.

அடிபட்டவர்களும் பார்த்தவர்களும் வளைவுக்கு வந்தார்கள். அவரவர் இடத்தில் நிற்கச் சொல்லி, ஃபோனில் ஒவ்வொரு இடமாகப் பதிந்தேன். ஒரு மாமா மைல்கல் பக்கம் போய் நின்றார்.

"மாமா, நீங்க தண்ணி ஓடுற கானுக்குள்ளதானே கெடந்தீங்க! இங்கிட்டு வாங்க" என்று ஒருத்தி கத்தினாள்.

"விழுந்தவன் நானா நீயா?"

"தூக்குனது நாங்கதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்கனதான் புள்ள." காட்டினாளே தவிர அவள் அங்கே நிற்கவில்லை. வேறு யாரும் போய் நிற்கவில்லை. நான் போய் நின்றேன். பனி மூட்டம். மலை மறைப்பில் ஃபோன் இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு அப்பால் ஹோர்ன் சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. அக்காவுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். பதிவாகும்வரை நான் நகரவில்லை.

திங்கட்கிழமை புள்ளிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன். வளைவின் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியாக அக்காவை வைத்ததும் தடுப்பு வேலைக்குத் தேவையான எல்லைக் கோட்டை மட்டுமட்டாகத் தாண்டியது. ஒரு சந்தேகத்தில் அவளை எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே திருப்பி வைத்தேன்.

தடுப்புக்கு அனுமதி வந்த நாளில் அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். நுவரெலியாவில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்து, ஒரு ஆளுக்கு அரிசி போட்டு, ஃபோனை எடுத்தேன். சந்தோஷமான செய்தியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். ஃபோனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஜனவரியில் வரைபடத்தைத் திறந்தபோது அக்காவின் புள்ளி இல்லை. தெரிந்துதான் திறந்தேன். இருந்தும் அழுதேன்.

தடுப்புப் போட்டு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். முன்பு பெண்கள் வளைவின் மூலையில் சட்டென்று வீதியில் இறங்குவார்கள். இப்போது இரும்புத் தடுப்பு அவர்களை வண்டி கண்ணுக்குத் தெரியும் இடம்வரை நடத்திக் கொண்டுபோய் விடுகிறது. நான் போன நேரம் கொழுந்து மூட்டைகளோடு சில பெண்கள் அதன் முனையில் நின்றார்கள். மேலேயிருந்து ஒரு வேன் வேகமாக இறங்கியது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கதை பேசிக்கொண்டே நின்றார்கள். வேன் போனது. அவர்கள் கடந்தார்கள்.